மகமையும் மைல் புள்ளியும்

விருதுநகர்ச் சந்தை நிலவரத்தை நாளேடுகளிலே நீண்ட நாட்களாகப் படித்து வருகிறோம். துவரை என்ன விலை, உளுந்து என்ன விலை, கடலை எண்ணெய் என்ன விலை, மிளகாய் வற்றல் என்ன விலை என்று எங்கெங்கோ இருக்கும் வணிகரும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவர். விலை ஏறும், இறங்கும். அது சந்தையின் இயல்பு. ஆனால், ஒரே மூட்டையிலிருந்து ஒரே நாழிகையில் அளந்த துவரைக்கு, முன்னே நிற்பவரிடம் ஒரு விலையும், பின்னே நிற்பவரிடம் அதைப்போல் மும்மடங்கு விலையும் கேட்கும் கடைக்காரரை அந்தச் சந்தை என்ன சொல்லும்? வணிகர் என்று சொல்லாது. தேவையறிந்து கழுத்தைப் பிடிப்பவர் என்று சொல்லும்.

சந்தையிலே தகாதென்று நாம் கருதும் இந்தச் செயலுக்குத்தான் ஆகாயத்திலே அழகான பெயர் சூட்டியிருக்கிறார்கள்: "மாறும் கட்டணம்." மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஒரு விமானத்திலே அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் மூவரைக் கேட்டுப் பாருங்கள். மூவரும் மூன்று விலை கொடுத்திருப்பர். அதே இருக்கை, அதே தொலைவு, அதே நேரம். விலை மட்டும் வேறு, வேறு, வேறு!

"விமானம் செல்வரின் வாகனம், அதைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், இன்று மதுரை விமான நிலையத்தின் வாயிலிலே நின்று பார்த்தால் நாம் காண்பது செல்வரை மட்டுமல்ல. துபாய்க்குக் கூலி வேலைக்குச் செல்லும் இளைஞன் இருக்கிறான். நோயுற்ற தாயைச் சென்னை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகள் இருக்கிறாள். சிவகாசியிலே அச்சடித்த நாட்காட்டி மாதிரிகளைப் பையிலே வைத்துக்கொண்டு வடநாட்டுக்குப் புறப்படும் விற்பனைப் பிரதிநிதி இருக்கிறார். அதுமட்டுமா? ஆகாயத்திலே பிறந்த இந்தக் கணக்கு ஆகாயத்தோடு நிற்கவில்லை. ரயிலுக்கு இறங்கிவிட்டது, பேருந்துக்கும் இறங்கிவிட்டது. ஆகவேதான் அதன் மூலத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1922இலே சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குச் சென்றனர். மறு ஆண்டு திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினர். வறண்ட பூமிக்கு வாழ்வளித்த பயணம் அது. அந்நாளில் ரயில் கட்டணம் என்பது தொலைவுக்கும் வகுப்புக்கும் உரிய கட்டணம். நேற்று வாங்கியவனுக்கும் இன்று வாங்குபவனுக்கும் ஒரே விலை. பயணியின் அவசரத்தை அளக்கும் கருவி அன்று பயணச்சீட்டு ஜன்னலிலே இல்லை.

அந்தக் கருவி எப்பொழுது வந்தது? அமெரிக்க நாட்டிலே 1978ஆம் ஆண்டு விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் இயற்றினார்கள். அதன்பின் கம்பெனிகள் பயணிகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கின. சனிக்கிழமை இரவைச் சென்ற ஊரிலேயே கழிப்பவருக்குத்தான் மலிவுச் சீட்டு என்று ஒரு விதி செய்தார்கள். ஏன் தெரியுமா? உல்லாசப் பயணி சனிக்கிழமை தங்குவான். வேலையாகச் சென்றவன் வெள்ளிக்கிழமையே வீடு திரும்பத் துடிப்பான். வீட்டு நினைவுக்கு ஒரு விலை வைத்தார்கள்!

நம் நாட்டிலே 1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. 1994இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதுமுதல் கம்பெனிகளே கட்டணத்தை வகுக்கின்றன. இயக்கும் செலவு, நியாயமான லாபம் முதலியவற்றைக் கருத்தில் கொண்டு வகுக்க வேண்டும் என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலே 135ஆவது விதி எழுதி வைத்தது. 'நியாயமான' என்ற சொல் ஏட்டிலே இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் அதைத் தேடியவர்களுக்குத்தான் தெரியும், அது எங்கே ஒளிந்துகொண்டதென்று!

ஒன்றை ஒப்புக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பே சீட்டு வாங்குபவருக்கு மலிவாகக் கிடைக்கிறது. எளியவர் சிலர் விமானம் ஏறியதும் அதனாலேதான். கட்டணத்துக்குத் தாழ்ந்த படி இருப்பதை நாம் எதிர்க்கவில்லை. உயர்ந்த படிக்கு எல்லையே இல்லாதிருப்பதைத்தான் எதிர்க்கிறோம். அந்த உயர்ந்த படியிலே யார் ஏற்றப்படுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

விடை மிக எளிது. தன் நாள் தன் கையில் இருப்பவனுக்கு மலிவு. தன் நாள் பிறர் கையில் இருப்பவனுக்கு விலையேற்றம். இந்த விதியின் சாரம் இவ்வளவுதான்.

சிவகாசி வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியா வெடிக்கும் பட்டாசிலே பெரும்பங்கு இங்கேதான் செய்யப்படுகிறது. ஆனால், அந்தத் தொழிலின் கடிவாளம் இங்கே இல்லை. வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் அலுவலகம் நாகபுரியிலே இருக்கிறது. பசுமைப் பட்டாசுக்கு வழிமுறை வகுத்த நீரி ஆய்வு நிறுவனமும் நாகபுரியிலே இருக்கிறது. பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் 2018 அக்டோபரிலே தடை விதித்த உச்ச நீதிமன்றம் தில்லியிலே இருக்கிறது. வழக்கு எந்த நாள் வருமென்று சிவகாசிக்காரர் முடிவு செய்வதில்லை. நீதிமன்றப் பட்டியல் முடிவு செய்கிறது. பட்டியல் வந்தபின் சீட்டுத் தேடினால் கட்டணம் உச்சியிலே நிற்கிறது. பெருமுதலாளி தாங்குவார். சிறு பட்டறை வைத்திருப்பவர் தாங்குவாரா?

அதைவிடக் கொடிய நாட்களும் உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலே நடந்த வெடி விபத்திலே முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்த மண்ணிலே இத்தகைய செய்தி ஒருமுறை வந்து நின்றுவிடுவதில்லை, ஆண்டுதோறும் வருகிறது. செய்தி கேட்டவுடன் எங்கோ தொலைவிலே உழைக்கும் மகன் தன் தாயின் முகம் பார்க்கப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சீட்டு வாங்கும் வேளையிலே இயந்திரம் என்ன பார்க்கிறது? கண்ணீரைப் பார்ப்பதில்லை. "புறப்பட ஆறு மணி நேரம்தான் இருக்கிறது, இவன் எந்த விலையும் கொடுப்பான்" என்று பார்க்கிறது. சாவு வீட்டிலே லாபம் தேடுவதைத் தமிழ் ஊர்களிலே என்னவென்று சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கத்திலே சலுகைகளின் திருவிழா நடக்கிறது.

1981ஆம் ஆண்டு மே மாதத்திலே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனி, அடிக்கடி பறக்கும் பயணிக்குப் பறந்த தொலைவுக்கேற்ப மைல் புள்ளி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. புள்ளி சேர்ந்தால் இலவசச் சீட்டு, தனி வரிசை, தனி ஓய்வறை, அகன்ற இருக்கை! உலகமெங்கும் கம்பெனிகள் அதைப் பின்பற்றின. நம் நாட்டிலும் வந்தது. விசுவாசத்துக்குப் பரிசு என்றார்கள்.

அந்த விசுவாசத்தின் கதையைக் கேளுங்கள். 2015க்கும் 2016க்கும் இடையிலே அமெரிக்காவின் மூன்று பெருங்கம்பெனிகள் கணக்கை மாற்றின. பறந்த தொலைவுக்குப் புள்ளி இல்லை. கொடுத்த பணத்துக்குத்தான் புள்ளி! 2024இலே ஏர் இந்தியாவும் அந்த வழிக்கு வந்தது. மலிவுச் சீட்டு வாங்கி ஆண்டுக்கு இருபது முறை பறக்கும் சிறு வியாபாரியைவிட, விலையுயர்ந்த சீட்டிலே சிலமுறை பறக்கும் பெரிய மனிதர் மேலான விசுவாசி ஆகிவிட்டார். ஆக, அளந்தது விசுவாசத்தை அல்ல, பணப்பையை. அடிக்கடி பயணம் செய்பவரும் இந்த ஏமாற்றத்துக்கு விலக்கல்ல.

பரிசுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? கம்பெனி புள்ளிகளை வங்கிகளுக்கு விற்கிறது. வங்கி அவற்றைக் கடன் அட்டை வைத்திருப்பவருக்கு அள்ளித் தருகிறது. அட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரரிடமிருந்து ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர் அதைத் தம் மடியிலிருந்தா கொடுப்பார்? சரக்கின் விலையிலே ஏற்றுகிறார். அந்தச் சரக்கை ரொக்கம் கொடுத்து வாங்கும் கூலிக்காரரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். அவருக்குப் புள்ளி உண்டா? இல்லை! அமெரிக்காவின் பாஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இலே கணக்கிட்டுச் சொன்னார்கள்: ரொக்கம் கொடுக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக்காரர்களுக்கு வழங்குகிறது, அட்டை வைத்திருக்கும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது. ஏழையின் முடிச்சிலிருந்து எடுத்துச் செல்வரின் பயணத்துக்கு வழங்கும் விந்தையான தருமம்!

இந்தப் புள்ளிகளின் வல்லமையை இன்னும் கேளுங்கள். 2020இலே, பெருந்தொற்றால் விமானங்கள் தரையிலே நின்றபோது, யுனைடெட் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் புள்ளித் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அந்தத் திட்டத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். கம்பெனியின் பங்குச் சந்தை மதிப்பைவிட அதிகம். நம் நாட்டிலே ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் நாள் பறப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தெருவிலே நின்றனர். ஆனால், தனிக் கம்பெனியாக இருந்த அதன் புள்ளித் திட்டம் அவ்வாண்டிலேயே வேறு பெயர் பூண்டு தொடர்ந்தது. உழைத்தவன் கூலிக்கு அலைந்தான்; புள்ளி மட்டும் பிழைத்துக்கொண்டது!

இங்கேதான், தோழர்களே, விருதுநகரின் பழைய வழக்கம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். மகமை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சந்தையிலே மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர் ஒரு சிறு தொகையை ஒதுக்கி உறவின்முறையின் பொது நிதியிலே சேர்ப்பர். வீடுகளிலே பெண்கள் அன்றாடம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பர். அந்த மகமையும் பிடி அரிசியும் சேர்ந்து பள்ளிக்கூடமாயின. 1889இலே விருதுநகரிலே தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. காமராசர் படித்த பள்ளி அது. அவருடைய ஆட்சிக் காலத்திலே, 1956இலே, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் தமிழகமெங்கும் விரிந்தது.

மகமை ஓர் உறவின்முறைக்குள்ளே பிறந்த வழக்கம். அதற்கு எல்லையும் உண்டு, குறையும் உண்டு. ஆனாலும் அதன் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பேரத்திலும் சிறு துளி எடுக்கப்பட்டது, பொதுவிலே சேர்ந்தது, பிள்ளைகளின் படிப்பாக மலர்ந்தது. மைல் புள்ளியின் கணக்கையும் பாருங்கள். அங்கேயும் ஒவ்வொரு பேரத்திலும் சிறு துளி எடுக்கப்படுகிறது. ஆனால், அது சிலருடைய ஓய்வறையிலே குளிர்பானமாக ஊற்றப்படுகிறது. துளி எடுப்பதிலே வேற்றுமையில்லை. அது போய்ச் சேரும் இடத்திலேதான் வேற்றுமை. அரசியல் என்பதும் அதுதானே? துளி யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்ற கேள்விதானே?

இந்தக் கேள்வியைக் கம்பெனிகளிடம் கேட்பதற்கு முன்பு நம்மவரிடமே கேட்போம். ஜெர்மனியிலே கிரிகோர் கீசி என்றோர் இடதுசாரித் தலைவர், பெர்லின் மாநில அரசின் பொருளாதார அமைச்சராக இருந்தார். அலுவல் பயணங்களிலே சேர்ந்த மைல் புள்ளிகளைத் தம் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினார் என்பது வெளியானது. 2002 ஜூலை 31ஆம் நாள் அவர் பதவி விலகினார். சிறு தொகைதானே என்று அவர் வாதிடவில்லை. பொதுப் பணத்தில் சேர்ந்த புள்ளியும் பொதுச் சொத்தே என்ற நெறிக்குத் தலைவணங்கினார். நம் மத்திய அரசும் தன் ஊழியர்களுக்கு அலுவல் பயணத்திலே சேரும் மைல் புள்ளி அந்தத் துறைக்கே உரியது என்று அறிவுறுத்தியிருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 34 விமானப் பயணங்களைச் சட்டம் வழங்குகிறது. மக்கள் பணிக்காக வழங்கப்பட்டது அது, வழங்கட்டும். ஆனால், அந்தப் பயணங்களிலே சேரும் புள்ளி யாருடையது? நாம் வாக்குக் கேட்டு அனுப்பிய பிரதிநிதி எவராயினும், எந்த அணியைச் சேர்ந்தவராயினும், இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். பொது வாழ்வின் தூய்மை பெரிய ஊழலிலே மட்டும் சோதிக்கப்படுவதில்லை. சிறு சலுகையிலேயும் சோதிக்கப்படுகிறது.

இனி, தரைக்கு வருவோம். 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களிலே மாறும் கட்டணம் புகுந்தது. பத்தில் ஒரு பங்கு இடம் விற்றுத் தீரும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும். தொடக்கத்திலே ஒன்றரை மடங்கு வரை போனது. விமானக் கம்பெனியின் பாடத்தை அரசின் ரயிலே படித்துக்கொண்டது! தீபாவளி, பொங்கல் நாட்களிலே ஆம்னி பேருந்துகளின் கட்டணம் ஏறும் வேகத்தை நீங்கள் அறிவீர்கள். ஊரெல்லாம் கொண்டாடப் பட்டாசு செய்து தருபவன் மகன், தீபாவளிக்கு ஊர் திரும்பத் தன் சம்பளத்திலே பெரும்பங்கைச் சீட்டுக்கே கொடுக்கிறான்.

அதே வேளையிலே முதியோருக்கு என்ன நடந்தது? அறுபது வயது ஆடவருக்கு 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்டிருக்கு 50 விழுக்காடும் இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்டது. தொற்று போனது, சலுகை திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் மூன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பயணம் செய்து ரயில்வேயை வாழவைத்த மூதாட்டியின் விசுவாசத்துக்கு எந்தப் புள்ளியும் சேரவில்லை போலும்!

உண்மையிலே அடிக்கடி பயணம் செய்பவர் யார்? சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையிலே தூக்குவாளியோடு வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குச் சென்று, அந்தியிலே திரும்பும் பெண்தான் நாட்டிலேயே முதன்மையான பயணி. ஆண்டுக்கு ஐந்நூறு முறைக்கு மேல் பயணம் செய்கிறாள் அவள். அவளுக்குத் தங்க அட்டை தருவார் இல்லை. அவள் போன்றோருக்கு நாடு தந்தவை சிலவே. ரயிலின் மாதச் சீட்டு ஒன்று. 2009இலே, வறியவர் நூறு கிலோமீட்டர் வரை பயணம் செய்ய 25 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்ட 'இஜ்ஜத்' மாதச் சீட்டு மற்றொன்று. 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வது இன்னொன்று. இவையும் சலுகைகளே. ஆனால், பணம் கொட்டியதற்காகத் தந்தவையல்ல. உழைக்கப் போகிறார் என்பதற்காகத் தந்தவை. இவற்றை 'இலவசம்' என்று ஏளனம் செய்வோர், விமான ஓய்வறையிலே வழங்கப்படுவதை மட்டும் 'வெகுமதி' என்கிறார்கள்!

"கட்டணத்துக்கு எல்லை விதிக்க முடியாது, சந்தை ஒப்பாது" என்று சொல்வார்கள். முடியும் என்பதை அரசே மெய்ப்பித்திருக்கிறது. 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்டு 31 வரை விமானக் கட்டணத்துக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் இருந்தன. 2025 டிசம்பர் தொடக்கத்திலே இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கிலே ரத்தாகிக் கட்டணம் வானளாவியபோது, டிசம்பர் 6ஆம் நாள் மத்திய அரசு ஆணையிட்டது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 கிலோமீட்டர் வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. ஓர் ஆணை! ஒரே நாள்! நெருக்கடி நாளிலே முடிந்தது பண்டிகை நாளிலே ஏன் முடியாது? சாவுச் செய்தி வந்த வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் நெருக்கடி நாளல்லவா?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பண்டிகை நாட்களிலும் கடைசி நேரப் பயணத்திலும் விமானம், ரயில், ஆம்னி பேருந்து மூன்றுக்கும் நிலையான மேல் எல்லை வேண்டும். முதியோரின் ரயில் சலுகை திரும்ப வேண்டும். பொதுப் பணத்திலே சேரும் புள்ளி பொதுவுக்கே சேர வேண்டும்.

கோரிக்கை எழுதுவதோடு நம் வேலை முடிவதில்லை. இன்றே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. 2016 ஆகஸ்டிலே நடைமுறைக்கு வந்த விமானப் போக்குவரத்து விதிப்படி, 'பணம் திரும்பாது' என்று விற்ற சீட்டை ரத்து செய்தாலும், அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் பயணிக்குத் திரும்பியாக வேண்டும். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. வெளிநாடு செல்லும் இளைஞர்களிலே எத்தனை பேர் இதை அறிவார்கள்? படிப்பகங்களிலே இதை எழுதி ஒட்டுங்கள். ஏமாந்து நிற்பவரின் மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். உரிமையை அறியாதவனிடம்தான் சந்தை துணிந்து விளையாடும்.

பிடி அரிசியிலே பள்ளி எழுப்பிக் காட்டிய ஊர் விருதுநகர். தீக்குச்சி செய்யக் கற்று வந்து வறட்சியை வென்ற ஊர் சிவகாசி. சிறு துளியின் வலிமையை இந்த மண்ணுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம்மிடமிருந்து எடுக்கப்படும் துளி எங்கே போகிறதென்று கேட்கும் துணிவு மட்டும்தான் வேண்டும். அடுத்த தீபாவளிக்குச் சீட்டு வாங்க நிற்கும் வரிசையிலே அந்தக் கேள்வி எழட்டும், தோழர்களே!